இல்லினாய்ஸில் ஒரு ரயிலடி ஊருக்குப் பூ அனுப்புவது எப்படி?

கேள்வி: என் மகன் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது டொலோனோ என்ற சிற்றூரில் ஒரு வயதான தம்பதி வீட்டின் மாடியில் இரண்டு வருடம் குடியிருந்தான். அந்தப் பெரியவர் நேற்று காலமாகிவிட்டார். வெள்ளிக்கிழமை அடக்கம். மதுரையிலிருந்து பூ அனுப்ப நினைக்கிறோம். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் ‘டொலோனோவில் இன்றே பூ டெலிவரி’ என்று பத்துப் பதினைந்து தளங்கள் வருகின்றன. எதை நம்புவது? மாலை அனுப்பலாமா? அங்கே இப்போது ஜனவரிப் பனி வேறு.

பதில்:

உங்களுக்கு நேரம் குறைவு. அதனால் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தளங்கள் எதிலும் பணம் கட்டாதீர்கள். பெரியவரின் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து இரங்கல் அறிவிப்பைத் தேடுங்கள். சடங்கை நடத்தும் ஃபியூனரல் ஹோம் எது, ஊரார் உடலைப் பார்க்க வரும் ‘பார்வை நேரம்’ எப்போது என்று அதில் இருக்கும். அந்த ஃபியூனரல் ஹோமுக்கு ஃபோன் செய்து, “உங்களுக்கு வழக்கமாகப் பூ கொண்டுவரும் கடைகள் எவை?” என்று கேளுங்கள். இரண்டு மூன்று பெயர் சொல்வார்கள். அதில் ஒரு கடையை நேரடியாகக் கூப்பிட்டு ஆர்டர் கொடுங்கள். வேலை முடிந்தது. ஃபோனை வைத்த பிறகு மீதியைப் படித்துக்கொள்ளலாம்.

நான் ஷாம்பெய்ன் என்ற நகரத்துப் பக்கம் ஒன்பது வருடம் இருந்தேன். அதில் மூன்று வருடம் ஒரு பூக்கடையில் வேலை. காலையில் கல்லா, மதியத்துக்கு மேல் டெலிவரி வண்டி. டொலோனோ எங்கள் கடையிலிருந்து தெற்கே ஒன்பது பத்து மைல்தான். சோளக்காட்டுக்கு நடுவில் நேர்கோடாகப் போகும் 45ஆம் எண் சாலை. பக்கத்திலேயே தண்டவாளம் கூடவே வரும். அந்தத் தண்டவாளம் இல்லாவிட்டால் அந்த ஊரே இல்லை. நீங்கள் பார்த்த அந்தப் பதினைந்து தளங்களின் பூர்வீகமும் அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் இருக்கிறது.

இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வேக்கு 1851இல் மாநிலம் உரிமம் கொடுத்தது. பாதை போடுவதற்கு ஈடாகச் சுமார் 26 லட்சம் ஏக்கர் நிலமும் கம்பெனிக்குக் கிடைத்தது. 1856இல் பாதை முடிந்தபோது எழுநூறு மைலுக்கு மேல் நீளம். அன்றைக்கு உலகத்திலேயே நீளமான ரயில் பாதை அதுதான். வெறும் புல்வெளியில் யார் ரயில் ஏறுவார்கள்? ஆகவே ஸ்டேஷனை முதலில் வைத்து, அதைச் சுற்றி ஊரை வரைந்து, மனை போட்டு விற்றார்கள். நம் பக்கத்தில் ஊருக்கு ரயில் வரும். அங்கே ரயிலுக்கு ஊர் வந்தது. ஊர்ப் பெயர்கள்கூட அலுவலகத்தில் உட்கார்ந்து வைத்தவைதான். ஷாம்பெய்னுக்கு வடக்கே உள்ள ரன்டூல், ரயில்வே கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான ராபர்ட் ரன்டூலின் பெயர். டொலோனோ யாருடைய பெயரும் இல்லை. கம்பெனியின் நிலப் பிரிவில் இருந்த ஒருவர் ‘ஓ’ என்ற எழுத்தை மூன்று தடவை எழுதி, இடையிடையே வேறு மூன்று எழுத்துகளைச் செருகிச் செய்த பெயர் அது. கேட்டால் ஏதோ இத்தாலிய ஊர் மாதிரி இருக்கும்.

டொலோனோவில் இரண்டு பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. ஒன்று தெற்கு வடக்கு, இன்னொன்று கிழக்கு மேற்கு. ஆபிரகாம் லிங்கன் 1861 பிப்ரவரி 11 அன்று ஜனாதிபதிப் பதவி ஏற்க ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கிழக்கே போன ரயில் இங்கே நின்றது. அவர் கூட்டத்தைப் பார்த்துச் சில வரிகள் பேசினார். இல்லினாய்ஸ் மண்ணில் உயிரோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான் என்பது ஊராருக்குப் பெருமை. நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். இப்போது ஷாம்பெய்னில் நிற்கும் பயணிகள் ரயில்கள் டொலோனோவில் நிற்பதில்லை, ஊதிக்கொண்டு போய்விடும். சரக்கு ரயில்தான் நாள் முழுக்க. ஊரின் பெரிய கட்டடம் தண்டவாளத்தை ஒட்டிய தானியக் கிடங்கு.

அங்கே ‘வில்லேஜ்’ என்றால் நாம் நினைக்கிற கிராமம் இல்லை. இல்லினாய்ஸ் சட்டப்படி அது ஒரு உள்ளாட்சி வகை. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் சிலர். டொலோனோவில் 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 3,600 பேர். இந்த அளவு ஊரில் பூக்கடை பிழைப்பது கஷ்டம். பூவை 2 டிகிரி குளிரில் வைக்கக் குளிரறை வேண்டும், மின்சாரச் செலவு, விற்காததைக் குப்பையில் கொட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு கல்யாணம், ஒரு அடக்கம் இருந்தால் போதுமா? ஆகவே சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் பக்கத்து நகரத்துக் கடையிலிருந்துதான் வண்டி போகும். ‘டொலோனோ பூக்கடை’ என்று பெரிய எழுத்தில் போட்டு, முகவரி இல்லாமல் இலவச எண் மட்டும் காட்டும் தளம் டொலோனோவில் இல்லை. அது எங்கேயோ ஒரு மாநிலத்தில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து ஃபோன் எடுக்கும் இடம். ஊர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம் தயாரித்துவிடுவார்கள். டொலோனோ என்ற சொல்லை எடுத்துவிட்டு ரன்டூல் என்று போட்டால் அந்தப் பக்கம் அப்படியே ரன்டூலுக்கும் பொருந்தும்.

இந்த முறை முளைத்த கதை சுவாரசியமானது. அந்தக் காலத்தில் சிற்றூர் ஸ்டேஷன்தான் தந்தி ஆபீஸும். ரயில் ஓட்டத்துக்காகப் போட்ட கம்பி, கூடவே ஊர்ச் செய்தியையும் கொண்டுபோனது. சாவுச் செய்தி, பிள்ளை பிறந்த செய்தி எல்லாம் ஸ்டேஷன் ஏஜெண்டின் காதில் கட்டுக்கடகட என்று வந்து விழும். தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர் பூ அனுப்ப வேண்டுமென்றால் என்ன செய்வது? ரயிலில் பெட்டி போட்டு அனுப்பினால் போய்ச் சேருவதற்குள் வாடிவிடும். அதற்கு வழி கண்டுபிடித்தார்கள் பூக்கடைக்காரர்கள். 1910இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் கூடி, ஒரு ஊர்க் கடைக்காரர் தந்தி அடித்தால் இன்னொரு ஊர்க் கடைக்காரர் தன் கடைப் பூவைக் கொண்டுபோய்க் கொடுப்பது, கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்வது என்று ஒப்பந்தம் செய்தார்கள். ‘பூக்கடைக்காரர் தந்தி விநியோகம்’ என்று பொருள்படும் எஃப்.டி.டி. பிறந்தது அப்படித்தான். பூ நகராது, செய்தி மட்டும் நகரும். ஒரு ஊரில் பணம் கட்டி இன்னொரு ஊரில் வாங்கிக்கொள்ளும் நம் செட்டியார்களின் உண்டியல் மாதிரி, முழுக்க நம்பிக்கையில் ஓடிய வியாபாரம். 1934இல் இதே வேலைக்கு டெலிஃப்ளோரா என்ற இன்னொரு நிறுவனம் வந்தது. 1965இல் எஃப்.டி.டி. முதலெழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு ‘தந்தி’யை மட்டும் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் நான் வேலை பார்த்த கடையில் வெளியூரிலிருந்து வரும் ஆர்டருக்கு ‘கம்பி ஆர்டர்’ என்றுதான் பெயர். கம்பியைக் கண்ணால் பார்த்தவர் யாரும் அந்தக் கடையில் இல்லை.

பழைய முறையில் இரண்டு முனையிலும் பூக்கடைக்காரர்தான் இருந்தார். இப்போது நடுவில் பூவைத் தொட்டே பார்க்காத ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். கணக்கைப் பாருங்கள். தளத்தில் உங்களிடம் 80 டாலர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 18 டாலர் ‘சேவைக் கட்டணம்’. அது நடுவில் இருப்பவருக்கு. மீதி 62இல் ஆர்டர் பிடித்துக் கொடுத்ததற்கு 20 சதவீதம். இணைக்கும் நிறுவனத்துக்கு இன்னும் ஏழு சதவீதம் போல. பூக் கட்டி, வண்டியில் ஏற்றி, பனியில் ஓட்டிக்கொண்டு போகிற கடைக்குச் சுமார் 45 டாலர் வரும். டெலிவரி செலவைக் கழித்தால் பூவுக்கு 30, 35 டாலர் நிற்கும். நீங்கள் 80 டாலர் படத்தைப் பார்த்து வாங்கினீர்கள், அங்கே மேசைக்கு வருவது 35 டாலர் பூ. குடும்பத்தார் என்ன நினைப்பார்கள்? மதுரைக்காரர்கள் கொஞ்சம் கையைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். அதே 80 டாலரைக் கடையில் நேரடியாகக் கொடுத்தால் பத்துப் பதினைந்து டாலர் டெலிவரிக்கும் வரிக்கும் போக, மீதி முழுக்கப் பூவாக வரும்.

பணம்கூடப் பரவாயில்லை, நேரம்தான் பெரிய ஆபத்து. இந்த ஆர்டர்களைக் கடை மறுக்கலாம். கட்டுப்படியாகாது என்றால் நாங்களே திருப்பி அனுப்பியிருக்கிறோம். அது அடுத்த கடைக்குப் போகும், அங்கேயும் மறுத்தால் இன்னொன்றுக்கு. ஒரு தடவை மாலை நான்கு மணி பார்வை நேரத்துக்கு மதியம் இரண்டரைக்கு ஆர்டர் வந்து விழுந்தது. அது மூன்று கடை சுற்றி வந்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அனுப்பிய பெண் அதற்கு இரண்டு நாள் முன்பே பணம் கட்டியிருந்தார். படத்தில் இருந்த நீலப் பூ எங்களிடம் இல்லை, இருந்ததை வைத்துக் கட்டி ஓடினேன். டொலோனோ எல்லையில் லெவல் கிராசிங்கை மறித்துச் சரக்கு ரயில். நூறு பெட்டிக்கு மேல் இருக்கும், பாதியில் நின்றேவிட்டது. வண்டியில் உட்கார்ந்து பெட்டிகளை எண்ணியதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை. போய்ச் சேர்ந்தபோது வாசலில் வரிசை நின்றுகொண்டிருந்தது. வரிசையை விலக்கிக்கொண்டு பூச்சாடியோடு உள்ளே போனேன். அந்த வெட்கம் இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது உங்கள் விஷயம். பூவை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், ஃபியூனரல் ஹோமுக்கு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அடக்கம் என்றால் பெரும்பாலும் வியாழன் மாலையே ‘விசிட்டேஷன்’ இருக்கும். சவப்பெட்டியைத் திறந்து வைத்திருப்பார்கள், ஊரார் வரிசையில் வந்து குடும்பத்தாரிடம் கை கொடுத்துப் பேசுவார்கள். பூ அதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். கடையில் ‘வெள்ளிக்கிழமை’ என்று சொல்லிவிடாதீர்கள், ‘வியாழன் பார்வை நேரத்துக்கு முன்’ என்று சொல்லுங்கள். இறந்தவரின் முழுப் பெயரும் வேண்டும். ஒரே நாளில் அங்கே இரண்டு சடங்கு இருக்கலாம்.

ஒருவேளை பின்னால் பெரியவரின் மனைவி பெயருக்கு வீட்டுக்கு ஏதாவது அனுப்புவதாக இருந்தால் முகவரியில் கவனம். சிற்றூர்களில் பலர் தபால் பெட்டி எண்ணைத்தான் முகவரியாகத் தருவார்கள். பூக்காரர் தபாலாபீஸுக்குப் போக முடியாது, கதவு எண்ணும் தெருப் பெயரும் வேண்டும். ரயில்வேக்காரர்கள் ஊர் வரைந்ததில் இன்னொரு வில்லங்கம். பாதை நெடுக முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை ஒரே வரைபடத்தில் போட்டார்கள், தெருக்களுக்கும் அதே மரப் பெயர்கள். வால்நட், செஸ்ட்நட், லோக்கஸ்ட். அதனால் அந்தப் பாதையில் தெருப் பெயரை மட்டும் நம்ப முடியாது. டொலோனோவின் அஞ்சல் எண் 61880. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பண்ணை வீடு என்றால் வேறு மாதிரி இருக்கும். ‘கவுண்டி ரோடு 800 நார்த்’ என்றால் மாவட்டத்தின் தெற்கு எல்லையிலிருந்து எட்டாவது மைல் சாலை என்று பொருள். மைலுக்கு ஒரு சாலை, சதுரங்கக் கட்டம் மாதிரி. முதலில் தலை சுற்றும், பழகிவிட்டால் அதைவிடச் சுலபமான முகவரி உலகத்தில் இல்லை.

மாலை வேண்டாம். அங்கே உடலுக்கு மாலை போடும் வழக்கம் இல்லை. ‘மாலை’ என்று நீங்கள் சொன்னால் கடைக்காரருக்கு மலர்வளையம் என்று படும், அல்லது ஹவாய்க்காரர் கழுத்தில் போடுவது நினைவுக்கு வரும். பெட்டியின் மேல் கிடத்தும் பெரிய கொத்து குடும்பத்தாருடையது, அதை வெளியாள் அனுப்பக் கூடாது. கம்பி முக்காலியில் நிற்க வைக்கும் ‘ஸ்டாண்டிங் ஸ்ப்ரே’ நெருங்கிய உறவு, சங்கம், அலுவலகம் அனுப்புவது. அதற்கு நூற்றைம்பது டாலருக்கு மேல் ஆகும். வீட்டு மாடியில் குடியிருந்த பையனின் பெற்றோர் அனுப்ப ஏற்றது ஒரு நல்ல சாடிக் கொத்து, இல்லையென்றால் தொட்டிச் செடி. ‘பீஸ் லில்லி’ என்று ஒரு செடி உண்டு. பச்சை இலை, வெள்ளை மடல், மல்லிகை மாதிரி மணக்காது. சடங்கு முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், வருடக்கணக்கில் சமையலறை ஜன்னலில் இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான். வெட்டிய பூவேதான் வேண்டுமென்றால் வெள்ளைக் கார்னேஷன், சாமந்தி, கிளாடியோலஸ் என்று சொல்லுங்கள். சாமந்தியை அங்கே சாதாரணப் பூ என்று யாரும் நினைப்பதில்லை. ரோஜாவைத் தவிருங்கள். பிப்ரவரி 14 நெருங்கும்போது அதன் விலை தாறுமாறாக ஏறும். அமெரிக்காவில் விற்கும் ரோஜாவில் பெரும்பகுதி கொலம்பியாவிலும் ஈக்வடாரிலும் விளைந்து, மயாமியில் விமானம் இறங்கி, குளிரூட்டிய லாரியில் சிகாகோ மொத்த வியாபாரிக்கு வந்து, பிறகு 57ஆம் நெடுஞ்சாலை வழியாக எங்கள் ஊருக்கு வரும். அந்தச் சாலையும் பழைய ரயில் பாதையை ஒட்டியேதான் போகிறது. ஒரு காலத்தில் சிகாகோவை ஒட்டிய மார்ட்டன் குரோவ் கிராமத்தில் போல்மன் சகோதரர்கள் ஏக்கர் கணக்கில் கண்ணாடி வீடு கட்டி ரோஜா வளர்த்தார்கள். அந்த ஊரும் ரயிலால் பிறந்ததுதான், ரயில் பாதைக்குப் பணம் போட்ட லீவை மார்ட்டனின் பெயர் அதற்கு. பெரும் பொருளாதார மந்தத்தில் அந்தத் தொழில் நொடித்துப்போனது.

இரங்கல் அறிவிப்பின் கடைசி வரியை அவசியம் படியுங்கள். ‘பூவுக்குப் பதிலாக’ இன்ன தேவாலயத்துக்கோ தீயணைப்புப் படைக்கோ நன்கொடை தரலாம் என்று இருந்தால், பூ வந்தால் கோபிப்பார்கள் என்று அர்த்தம் இல்லை. ஆனால் குடும்பத்தின் விருப்பம் அது. அப்படி இருந்தால் சின்னச் செடி ஒன்று, கூடவே ஒரு சிறு நன்கொடை. அந்தச் சிற்றூர்களில் தீயணைப்புப் படை பெரும்பாலும் ஊர்க்காரர்களே சம்பளம் இல்லாமல் நடத்துவது. மதுரையிலிருந்து அதற்குப் பணம் வந்தால் ஊரே பேசும்.

பனியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், அது கடைக்காரர் கவலை. காகிதத்தில் முழுக்கச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, வண்டியைச் சூடாக்கி வைத்து எடுத்துப்போவோம். உறைகுளிரில் ஐந்து நிமிடம் வெளியே இருந்தாலே இதழ் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே வந்ததும் கறுத்துவிடும். வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவது குளிர்காலத்தில் கிடையவே கிடையாது. ஃபியூனரல் ஹோமில் ஆள் இருப்பார்கள் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. பனிப்புயல் எச்சரிக்கை இருந்தால் மட்டும் ஒரு நாள் முன்பே கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இப்போது அங்கே நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால். மதுரையில் இரவு எட்டரை என்றால் அங்கே காலை ஒன்பது. கடை திறந்ததும் கூப்பிடுங்கள், மதியம் ஆகிவிட்டால் அன்றைய வண்டி கிளம்பிவிடும். உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்துவிட்டு ஃபோன் எடுங்கள். கடையின் இயந்திரம் ஐந்து இலக்க அஞ்சல் எண் கேட்டு, நம் ஆறு இலக்கத்தை ஏற்காமல் முரண்டு பிடிக்கலாம். அப்படியானால் அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகனின் நண்பர் யாரையாவது கட்டச் சொல்லிவிட்டு ரூபாயாகக் கொடுத்துவிடுங்கள். அது இன்னும் சுலபம்.

அப்புறம், அட்டை. கடைக்காரர் “அட்டையில் என்ன எழுத?” என்று கேட்கும்போது பலர் தடுமாறி ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று சொல்லிவிடுவார்கள். அங்கே இருக்கும் இருபது அட்டையிலும் அதுதான் இருக்கும். உங்கள் பெயர் அந்த அம்மாவுக்குத் தெரியாது, மகன் பெயர் தெரியும். மகன் பெயரைச் சொல்லி, ‘அவனுடைய அப்பா அம்மா, மதுரை’ என்று எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள், நம் பெயர்களை அவர்கள் காதால் கேட்டு எழுதினால் எப்படியும் தப்பாகும். அதற்கு மேல் ஒரே ஒரு வரி, அந்தப் பெரியவர் உங்கள் பையனுக்குச் செய்த ஏதாவது ஒன்று. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாரா, முதல் பனிக்காலத்தில் கோட்டு வாங்கிக் கொடுத்தாரா என்று மகனிடம் இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விசிட்டேஷன் முடிந்த பிறகு அட்டைகளையெல்லாம் பிரித்து ஒரு உறையில் போட்டுக் குடும்பத்திடம் கொடுப்பார்கள். சில வாரம் கழித்து உங்கள் வீட்டுக்கு ஒரு நன்றிக் கடிதம் வரும், அதனால் மதுரை முகவரியையும் கடையில் கொடுத்துவிடுங்கள்.